எதிர்ப்பாட்டுக்கு விட்ட இடம்

ரங்கோனில் இருக்கும் என் மகனுக்கு, கல்லலிலிருந்து உன் ஆத்தா எழுதுவது.

இந்தக் கடிதத்தோடு ஒரு பார்சலும் வந்திருக்கும். வைக்கோலும் பழைய சேலைத் துணியும் சுற்றி நானே கட்டினேன். கடைசி வரி வரைக்கும் இதைப் படித்து முடிக்காமல் அதைப் பிரிக்காதே. நீ சின்ன வயதிலிருந்தே பலகாரச் சட்டியை முதலில் திறந்துவிட்டு, வாயில் ஒன்றைப் போட்டுக்கொண்ட பிறகுதான் "யாருக்கு ஆத்தா இது?" என்று கேட்கிறவன். இந்த ஒரு தடவை பொறுத்துக்கொள். என் படிப்பு உனக்குத் தெரியும். என் தம்பி பாடம் படிக்கையில் பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்துக் கற்ற எழுத்து இது. ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு பகல் ஆகிறது. கூட்டெழுத்து கோணலாக இருந்தால் கையைக் குறை சொல், சேதியைக் குறை சொல்லாதே. உன்னோடு தங்கியிருக்கிற பிள்ளைகளுக்கும் இதைப் படித்துக் காட்டலாம். ஒளிக்க வேண்டியது இதில் எதுவும் இல்லை. ஒளித்து வைத்ததெல்லாம் போதும் என்றுதான் எழுதுகிறேன்.

பட்டணத்துக்காரர்கள் என் பழைய பாட்டுகளை மறுபடியும் கிராமபோன் தட்டில் பிடிக்கப் போகிறார்கள் என்று எழுதியதற்கு நீ பதில் போட்டிருந்தாய். "தாலாட்டைப் பாடுங்க, கும்மியைப் பாடுங்க. அந்த ஏசல் பாட்டை மட்டும் வேண்டாம் ஆத்தா" என்று. அதோடு நீ இன்னொன்றும் எழுதியிருந்தாய். ஒன்பது வயதில் நெற்குப்பைத் திருவிழாவுக்குப் போனபோது, ஊர்ப் பிள்ளைகளோடு சேர்ந்து நீயும் மீனாள் அயித்தைக்குப் பின்னாலேயே, அவளை வைத அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டு போனாய் என்றும், அவள் திரும்பி வந்து எல்லாரையும் விட்டுவிட்டு உன் முகத்தில் இருந்த புழுதியை மட்டும் முந்தானையால் துடைத்துவிட்டுப் போனாள் என்றும். இத்தனை வருஷம் கழித்து, கடல் தாண்டிப் போன பிறகு எனக்குச் சொல்கிறாய். உன் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு அன்றைக்கு அடுப்பு மூட்டாமல் இருந்துவிட்டேன்.

என் ஞாபகத்தைப் பற்றி ஊரே சொல்லும். உன் பெரியம்மா எனக்குக் கிழிந்த இலை போட்டது எந்த வெள்ளிக்கிழமை, இலையின் எந்தப் பக்கம் கிழிந்திருந்தது என்று இன்றைக்கும் சொல்லுவேன். ஒருவர் என்னைச் சொன்ன சொல் என்னிடம் கல்வெட்டு. அதை நான் பெருமையாகத்தான் வைத்திருந்தேன். எனக்கு மற்றவர்கள் செய்ததுதான் அந்தக் கல்லில் இருக்கிறது, நான் செய்தது இல்லை என்று இந்த வருஷம்தான் தெரிந்தது. அதையும் ஒரு இயந்திரம் வந்து காட்ட வேண்டியிருந்தது.

முதலிலிருந்து சொல்கிறேன். உன் சின்னாத்தா அலமேலுவின் கல்யாணம் நெற்குப்பையில் நடந்தது. நம் சனத்தில் அப்போதெல்லாம் மாப்பிள்ளை வீட்டில்தான் தாலி கட்டுவது. மீனாள் மாப்பிள்ளைக்கு அக்காள். கட்டிக்கொடுத்த ஊரிலிருந்து ஒரே வருஷத்தில் திரும்பி வந்துவிட்டவள். தாய் இல்லாத அந்த வீட்டை அவள்தான் ஆண்டாள். உன் அம்மாச்சி அன்று தாலி கட்டுகிற வரைக்கும் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் விரதம் இருந்தாள். தாலி ஏறியதும் பந்தியில் போய் உட்கார்ந்தாள். இலையில் தண்ணீர் தெளித்துவிட்டாள். அப்போது மீனாள் வந்து, "கல்லல்காரவுக ரெண்டாம் பந்தியில உக்காரட்டும். உள்ளூர்ச் சனம் வயலுக்குப் போகணும்" என்றாள். என்னைப் பெற்றவள் தண்ணீர் தெளித்த இலையை விட்டு எழுந்தாள். எழும்போது ஒரு கையைத் தரையில் ஊன்றி எழுந்தாள். அந்தக் கை இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

சாயங்காலம் ஏசல். உனக்கு ஏசல் என்றால் சிரிப்பு மட்டும்தான் தெரியும். அதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. பெண் வீட்டுப் பெண்கள் ஒரு பாட்டு வைவார்கள். வைத பிறகு வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் எதிர்ப்பாட்டு பாட வேண்டும். அவர்கள் யோசித்துக் கட்டுகிற வரைக்கும், எவ்வளவு நேரமானாலும், காத்திருக்க வேண்டும். கடைசியில் வையப்பட்டவள் கற்கண்டுத் தட்டோடு வந்து வைதவள் வாயில் ஒரு துண்டு போடுவாள். போட்டால் பாட்டு முடிந்தது, பகையும் முடிந்தது. அதற்குப் பிறகு அந்தப் பாட்டைக் கல்யாண வீட்டுக்கு வெளியே யாரும் பாடக்கூடாது.

நான் நாலு பாட்டு கட்டி வைத்திருந்தேன். முதல் பாட்டு உனக்கே தெரியும்:

பந்தலெல்லாம் வாழைமரம், பந்தியெல்லாம் பெருமை
பாயசத்தில் முந்திரியைப் பார்ப்பதுதான் அருமை

இதற்கு மாப்பிள்ளை வீட்டாரே சிரித்தார்கள். மீனாளும்தான். கற்கண்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, எதிர்ப்பாட்டுக்கு வாயைத் திறந்தாள். அந்த ஊருக்கு அவள்தான் பாட்டுக்காரி. நான் விடவில்லை. இரண்டாவதைப் பாடினேன், மூன்றாவதைப் பாடினேன், மூச்சு விடாமல் நாலாவதையும் பாடினேன்:

போகையிலே கூண்டு வண்டி, திரும்பையிலே கால்நடை
கொண்டுபோன குத்துவிளக்கைக் கொடுத்ததெந்தக் கடை?

யார் பேரையும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியது. மீனாள் தட்டைக் கீழே வைத்தாள். கற்கண்டு ஒன்றும் சிந்தவில்லை, அவ்வளவு மெதுவாக வைத்தாள். வைத்துவிட்டு உள்ளே போனாள். நான் என் ஆத்தாளைப் பார்த்தேன். "போதும்டி, வண்டியக் கட்டச் சொல்லு" என்றாள் அவள். இருட்டுவதற்குள் கிளம்பிவிட்டோம். வழி நெடுக வண்டியில் எங்கள் பெண்கள் அந்த நாலாவது பாட்டையே பாடிக்கொண்டு வந்தார்கள். வாயில் கற்கண்டு விழாத பாட்டு அல்லவா, அதைக் கட்டிப்போட யாருமில்லை. அறுப்புக்குள் ஆத்தங்குடி வரைக்கும் போயிற்று.

தலைப்பிரசவத்துக்கு அலமேலு நம் வீட்டுக்கு வரவில்லை. இரண்டு தடவை வண்டி அனுப்பினேன், வெறும் வண்டிதான் திரும்பி வந்தது. மீனாள்தான் தடுத்துவிட்டாள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். தங்கை பிள்ளை பெறுகிறபோது பக்கத்தில் இல்லாமல் செய்துவிட்டாளே என்று அந்தக் கல்லில் இன்னொரு வரி வெட்டினேன். அப்புறம் நல்லது கெட்டதற்குப் போய் வந்தாலும் மீனாள் முகத்தை நான் பார்த்ததில்லை. அவள் வருகிற கல்யாணத்துக்கு நான் போகவில்லை. அவள் எந்தக் கல்யாணத்துக்குமே போகாமல் இருந்தாள் என்பது எனக்கு அப்போது தெரியாது.

அந்தக் கோபம் ஆறாமல் இருக்கும்போதுதான் காரைக்குடிப் பாட்டுப்பெட்டிக் கடைக்காரர் நம் வாசலுக்கு வந்தார். ஜெர்மன் சண்டைக்கு முந்தி. ஏதோ ஒரு கல்யாணத்தில் நான் பாடியதைக் கேட்டுவிட்டு, மதுரையில் வெள்ளைக்காரர்கள் வந்து பாட்டுப் பிடிக்கிறார்கள், வாருங்கள் என்றார். உன் அப்பா சரி என்றார். உன் பெரியப்பா ஒரே குதி. "குடும்பத்துப் பொம்பள பேரு தட்டுல வந்தா நான் தூக்குல தொங்குவேன்" என்றார். கடைசியில் பேர் போடாமல் பாடுவது என்று தீர்ந்தது. அந்தக் காலத்துத் தட்டில் பாட்டு முடிந்ததும் பாடியவர்கள் தங்கள் பேரை உரக்கச் சொல்லுவார்கள். நான் சொல்லக்கூடாது. மேலே ஒட்டிய தாளில் 'ஒரு குடும்ப ஸ்திரீ பாடியது' என்று அச்சடித்தார்கள். உன் பெரியப்பா செத்துப் பதினாறு வருஷம் ஆகிறது. தூக்கில் தொங்கவில்லை, காய்ச்சலில்தான் போனார். அதே தட்டை வருகிற விருந்தாளிக்கெல்லாம் போட்டுக் காட்டி, "நம்ம வீட்டுப் பாட்டுத்தான், யாருன்னு கேக்கப்படாது" என்று மீசையைத் தடவிக்கொண்டார். அவருக்குத் திவசச் சோறு வைக்கும்போதெல்லாம் இதை அவரிடம் சொல்லிக்கொண்டுதான் வைக்கிறேன்.

மதுரையில் ஒரு வீட்டறை முழுக்கக் கம்பளி தொங்கவிட்டிருந்தார்கள். சுவரிலிருந்து பெரிய ஊமத்தம்பூ மாதிரி ஒரு குழல் நீட்டிக்கொண்டிருந்தது. அதற்குள் தலையை விட்டுக் கத்த வேண்டும். குரல் ஏறுகிற இடத்தில் பின்னால் இழுத்துவிட வேண்டும், இல்லையென்றால் பாட்டுப் பதிகிற மெழுகு கீறிப்போகும். அதற்கென்று ஒரு வெள்ளைக்காரன் என் தோளைப் பிடிக்க வந்தான். உன் அப்பா குறுக்கே விழுந்து, "நான் இழுக்குறேன், நீ தள்ளு" என்றார். பாட்டு பூராவும் அவர்தான் என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார், பின்னால் இழுத்தார். ஊருக்கு முன்னால் அவர் என்னைத் தொட்டது அந்த ஒரு நாள்தான். பேச்சை மாற்றிச் சொல்ல வந்த துபாஷியிடம் நான், "ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவுல எதிர்ப்பாட்டுக்கு இடம் விடணுமே" என்றேன். "மெழுகு ஓடிக்கிட்டே இருக்கும்மா, சும்மா ஓட விடுறதுக்கா கப்பல்ல கொண்டாந்தாக? நிறுத்தாமப் பாடுங்க" என்றான். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. நாலையும் ஒரே மூச்சில் பாடினேன். அதுவரைக்கும் வாய்க்கு வாய் போன பாட்டு, அதற்குப் பிறகு ரயிலடியிலும் காப்பிக் கிளப்பிலும் பெட்டியிலிருந்து பாடியது. ஏசலுக்கு ஊரில் ஒரு எல்லை இருந்தது மகனே. தட்டுக்கு எல்லையே இல்லை.

தையிலேயே கடிதம் போட்டுக் கேட்டிருந்த அதே கடைக்காரர், இந்த மாசியில் நேரிலும் வந்தார். தலை நரைத்திருந்தது. இப்போது இயந்திரம் மாறிவிட்டது, பழைய தட்டெல்லாம் தேய்ந்துபோய்விட்டது, சனங்கள் இன்னும் கேட்கிறார்கள், மறுபடியும் பாடினால் புதுத் தட்டாகப் போடுகிறோம் என்றார். முதலில் கேட்டது ஏசலைத்தான். "பழைய மெட்டு ஞாபகம் இருக்கா ஆத்தா?" என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "உங்க கல்யாணத்துல என்ன குழம்பு வச்சாகன்னே எனக்கு ஞாபகம் இருக்கு" என்றேன். சிரித்துக்கொண்டே பழைய தட்டைப் பெட்டியில் வைத்துச் சாவி கொடுத்தார். நம் வீட்டுத் தட்டு உடைந்து இருபது வருஷம் இருக்கும். அதற்குப் பிறகு அன்றைக்குத்தான் கேட்டேன்.

அதை எப்படிச் சொல்ல? கதவுக்கு அங்குட்டு முப்பது வயதுப் பெண் ஒருத்தி நின்று பாடுகிற மாதிரி இருந்தது. என் பல் எல்லாம் இருக்கிற குரல். செத்துப்போன உன் அப்பா பின்னாலிருந்து இழுக்கிற இடத்தில் குரல் தள்ளிப் போகிறது. அவர் கை கேட்கிறது மகனே, தட்டில் அவர் கை கேட்கிறது! கடவுள் செய்கிற காரியத்தை இந்தக் கறுப்புத் தட்டு செய்கிறதே என்று கையெடுத்துக் கும்பிடக்கூடத் தோன்றியது. அப்படிக் கேட்டுக்கொண்டே இருக்கும்போது நாலாவது பாட்டு முடிந்தது. பேர் சொல்ல வேண்டிய இடம் வந்தது. அந்த இடத்தில் ஒரு சிரிப்பு. குறுஞ்சிரிப்பு, மூக்கு வழியாக. என் சிரிப்பு.

அது எனக்கு ஞாபகம் இல்லை. "மறுபடி வைங்க" என்றேன். வைத்தார். மறுபடியும் சிரித்தேன். மூன்றாவது தடவையும் வைக்கச் சொன்னேன். அந்த நாளின் கம்பளி வாசம் ஞாபகம் இருக்கிறது, துபாஷியின் காதுக் கடுக்கன் ஞாபகம் இருக்கிறது. இந்தச் சிரிப்பு மட்டும் இல்லை. கடைக்காரர் "நல்லா இருக்குல்ல ஆத்தா?" என்றார். நான் உள்ளே போய் முகம் கழுவிவிட்டு வந்து, "ஒரு வாரம் பொறுங்க" என்றேன். மறுநாள் உன் கடிதம் வந்தது. அதற்கடுத்த நாள் திருப்பத்தூர் வரைக்கும் மோட்டாரிலும் அங்கிருந்து மாட்டு வண்டியிலும் நெற்குப்பைக்குப் போனேன்.

வாசலில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. மீனாள் கையில் குச்சியோடு கோழி விரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முடி முழுக்க வெள்ளை. என்னைப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை.

"வா கல்லல்காரி. நெல்லை மிதிக்காம அங்குட்டுக் கூடி வா."

வழியெல்லாம் பேசிப் பார்த்துக்கொண்டு வந்த பேச்சு முழுக்க மறந்துபோயிற்று. "மதினி, பொட்டிக்காரவுக பழைய பாட்டை மறுபடி பாடச் சொல்லுறாக. நாலாவதை எடுத்துடுறேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்" என்றேன்.

"எந்த நாலாவது?"

"அதான் மதினி… கூண்டு வண்டி."

"பாடிக் காட்டு. எதை எடுக்கிறன்னு எனக்குத் தெரிய வேண்டாமா?"

அவள் முன்னால் நின்று பாடினேன். என் வாழ்நாளில் அவ்வளவு கேவலமாக நான் பாடியதில்லை. முடித்ததும் குச்சியால் நெல்லைக் கிளறிக்கொண்டே, "சிரிப்பைக் காணோமே" என்றாள்.

காலடியில் சிதறியிருந்த நெல்லை நான் குனிந்து பொறுக்கினேன்.

"பாட்டு என்னை ஒண்ணும் செய்யலடி. பாட்டுன்னா பதில் பாட்டு இருக்கு. அந்தச் சிரிப்புக்கு நான் எந்த மெட்டுல பதில் சொல்ல? ரயிலடில, சந்தையில, போற இடமெல்லாம் பொட்டிக்குள்ளருந்து நீ சிரிக்கிற. நின்னு பதில் சொல்லலாம்னா பொட்டிக்குக் காது இல்லையே."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மன்னிப்புக் கேட்கத் தெரியாதவள் நான். "நான் நிறுத்தியிருக்கணும் மதினி. முதப் பாட்டோட நிறுத்தி உங்களுக்கு இடம் விட்டிருக்கணும்" என்று மட்டும் சொன்னேன். அவள் குச்சியைக் கீழே வைத்தாள். தொண்டையைக் கனைத்தாள். பாடினாள்.

முந்திரியைத் தேடிவந்த கல்லலூரு மூக்கு
முழுப்பாயசம் குடிச்சபின்னே சொல்லுதடி சாக்கு

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். என் முதல் பாட்டுக்குப் பதில்! இரண்டாவதுக்குப் பாடினாள். மூன்றாவதுக்குப் பாடினாள். ஒவ்வொன்றும் என் பாட்டின் தோளில் ஏறி நின்றது. அப்புறம் கொஞ்சம் நிறுத்தி, என் கண்ணைப் பார்த்துக்கொண்டு நாலாவதைப் பாடினாள்.

கூண்டு வண்டி மாடு ரெண்டும் ஓட்டின பக்கம் போகும்
கூலியில்லாக் காலு ரெண்டும் நான் நினைச்ச பக்கம் போகும்
குத்துவிளக்கை விட்டுவந்தேன், கண்ணில்லாத வீடு
கொஞ்ச நேரம் எரியட்டும்னு கொடுத்துவந்தேன், பாடு!

அந்த "பாடு!" வந்து என் நெஞ்சில் நின்றது. இதற்கு மேல் பாட எனக்கு என்ன இருக்கிறது? நான் பாட்டுக் கட்டுகிறவள். ஒரு சொல்லை எங்கே வைத்தால் எவ்வளவு கனக்கும் என்று எனக்குத் தெரியும். கால்நடை என்று நான் எதைக் கேவலம் செய்தேனோ, அதையே எடுத்து அவள் தலையில் பூவாக வைத்துக்கொண்டாள். கோயில் கோபுரத்தை முதல் தடவை அண்ணாந்து பார்க்கிற பிள்ளை மாதிரி அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"எப்பக் கட்டினீக மதினி?"

"அன்னைக்கு உள்ள போனேன்ல, அப்பவேதான். அழுகப் போனேன்னு நினைச்சியாக்கும்? அடுக்களைக் கதவுக்குப் பின்னால நின்னு நாலையும் கட்டி முடிச்சுட்டு வெளிய வந்தேன். நீங்க வண்டியக் கட்டிட்டீக. கல்லல் ரஸ்தா வரைக்கும் வண்டிக்குப் பின்னால ஓடி வந்தா பாடுறது?"

இத்தனை வருஷமாக அவள் அதை வாயில் வைத்திருந்தாள். நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு பாடிக்கொண்டே போன வண்டியைப் பார்த்துக்கொண்டு, பதிலோடு வாசலில் நின்றிருக்கிறாள்.

உள்ளேயிருந்து உன் சின்னாத்தா மோர் கொண்டு வந்தாள். அவளும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். "அந்த வீட்டுல மூணு நாளாக் கஞ்சி ஊத்தலக்கா. அதான் மதினி நடந்து வந்தாக. ஏன் எதுக்குன்னு நம்ம யாரு கேட்டோம்?" என்றாள். நான் என் கல்வெட்டை எடுத்தேன். "அது சரிடி. உன்னைத் தலைப்பிரசவத்துக்கு அனுப்பாம வச்சுக்கிட்டாகளே?" என்றேன். அலமேலு மோர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டு என்னை முறைத்தாள். "யாரு தடுத்தா? மதினி வண்டியில ஏறு ஏறுன்னுதான் சொன்னாக. நான்தான் வரலை. அவுகளை அப்புடி வஞ்ச வாய்க்குப் பக்கத்துல என் பிள்ளையப் பெத்துக்க மாட்டேன்னு நான்தான் சொன்னேன். நீ ஒரு தடவையாவது கேட்டியாக்கா?"

நான் கேட்டதே இல்லை. மறக்காமல் இருப்பது வேறு, தெரிந்திருப்பது வேறு. இதை உனக்கு எழுதும்போது கை நின்று நின்று போகிறது. எழுதிவிட்டேன்.

கிளம்பும்போது மறுபடியும், "நாலாவதை எடுத்துடுறேன் மதினி" என்றேன். மீனாளுக்குக் கோபம் வந்துவிட்டது. "எடுத்துட்டா என் பதிலு அந்தரத்துல நிக்கும். அதுக்குத்தான் நான் இத்தனை வருஷம் சுமந்தனா? இருக்கட்டும். அன்னைக்கு நிறுத்தாத இடத்துல நிறுத்து, போதும்."

"நிறுத்துனா யாரு பாடுறது? நீங்களும் வாங்க."

"எங்குட்டு?"

"பட்டணத்துக்கு."

"ஏண்டி, இந்த வயசுல ரெண்டு கிழவியும் ரயிலேறிப் போயி ஒருத்திய ஒருத்தி வையணுமாக்கும்!" என்று சிரித்தாள். ஆனால் பங்குனியில் காரைக்குடி ரயிலடியில் எனக்கு முன்னால் வந்து மூட்டையோடு உட்கார்ந்திருந்தாள். புதுக்கோட்டை தாண்டியதும் மூட்டையை அவிழ்த்தாள். புளிச்சோறு. இலையைக் கிழித்து, எனக்கு வைத்து, தண்ணீர் தெளித்தாள். தனக்கு வைத்துக்கொள்ளவில்லை. "சாப்பிடு. முதப் பந்தி" என்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். புகைவண்டிக் கரி கண்ணில் விழுந்துவிட்டது என்று சொன்னேன். "விழும் விழும்" என்றாள்.

பட்டணத்து இயந்திரத்தைப் பார்த்தால் நீ அசந்துபோவாய். ஊமத்தம்பூக் குழல் இல்லை. ஒரு கம்பத்தின் மேல் உழக்கு அளவில் ஒரு டப்பா. மைக் என்கிறார்கள். கத்த வேண்டாம் பாட்டி, பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற மாதிரி பாடுங்கள் என்றார் அங்கிருந்த பிள்ளை. என்னை இழுக்கவும் ஆள் வேண்டாம், தள்ளவும் ஆள் வேண்டாம். குரல் ஏறும் இடத்தில் பழக்கத்தில் தோள் மட்டும் பின்னால் போயிற்று. முதலில் உன் தாலாட்டைப் பாடினேன். குழலுக்குள் அதைக் கத்திப் பாடியிருந்தேன். எந்தப் பிள்ளை அந்தக் கத்தலில் தூங்கும்? இந்தத் தடவை உன் காது எவ்வளவு தூரத்தில் இருந்ததோ அவ்வளவு தூரத்தில் வைத்துப் பாடினேன். குரல் உடைந்த இடத்தில் உடைந்தபடியே விட்டேன். போட்டுக் கேட்டால் கெட்டுப்போகும் என்றாலும், ஒரு மெழுகுத் தட்டை வீணாக்கி எங்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். நான் மூச்சு வாங்குவதும், என் வளையல் ஒன்றோடொன்று இடிப்பதும், தூரத்தில் மீனாள் செருமுவதும்கூட அதில் கேட்டது. மீனாள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "இது முன்னாடி பொய் சொல்ல முடியாதுடி" என்றாள். எனக்கும் அதே பயம்தான். பயமா பக்தியா என்று தெரியவில்லை.

ஏசலைத் தட்டின் ஒரே பக்கத்தில் இரண்டு பேரும் பாடியிருக்கிறோம். நான் ஒன்று பாடி நிறுத்துகிறேன். நிறுத்திய பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்காது. அங்கிருந்தவர்கள் அதைக் குறைக்கச் சொன்னார்கள், சும்மா மெழுகு ஓடுகிறது என்று. முடியாது என்றேன். அந்தச் சும்மா ஓடுகிற இடத்துக்காகத்தான் இரண்டு பேரும் வந்திருக்கிறோம் என்றேன். நீங்கள் ரெண்டு பேரும் ரங்கோனுக்குப் போன நாளாக உன் பெண்சாதியிடமிருந்து எனக்கு வருகிற கடிதத்திலெல்லாம் ஒரே பேச்சு, "அவுக பேசி முடிச்சுட்டு எந்திரிச்சுப் போயிடுறாக அயித்தை" என்று. யாரைப் பார்த்துப் பழகினாய் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் சொல்கிறேன். பேசி முடித்தால் நில். பதில் வருகிற வரைக்கும் நில். அடுக்களைக் கதவுக்குப் பின்னால் அவள் ஒன்றைக் கட்டிக்கொண்டிருப்பாள். வண்டியைக் கட்டிவிடாதே. மீனாள் அயித்தைக்கு நீயும் ஒரு கடிதம் போடு. முந்தானையைப் பற்றி எனக்கு எழுதியதை அவளுக்கு எழுது. அவளுக்குப் படிக்கத் தெரியாது, அலமேலு படித்துக் காட்டுவாள்.

இன்னும் ஒன்றுதான் பாக்கி. தட்டுக்கு மேல் என்ன பேர் அச்சடிப்பது என்று கேட்டார்கள். மீனாளுக்குத் தன் பேரைத் தானே சொல்லக் கூச்சம். எனக்கும்தான். வாயெடுத்தால் உன் பெரியப்பா எங்கிருந்தோ கனைக்கிற மாதிரி இருந்தது. அப்போது மீனாள் சொன்னாள், "என் பேரை நீ சொல்லு, உன் பேரை நான் சொல்லுறேன். வைய மட்டும்தான் வாய் இருக்கா நமக்கு?" பாட்டு முடிவில் பேர் சொல்கிற வழக்கமே இப்போது இல்லை என்றார்கள். எங்களுக்கு உண்டு என்றோம்.

இப்போது பார்சலைப் பிரி. தட்டைத் துணியால் துடைத்துவிட்டு வை. என்னுடைய நாலு, அவளுடைய நாலு. "பாடு!" என்று முடிந்ததும் ஊசியை எடுத்துவிடாதே. கொஞ்சம் பொறு. முதலில் நான் அவள் பேரைச் சொல்லுவேன். அப்புறம் அவள் என் பேரைச் சொல்லுவாள். நீ பிறந்த நாளிலிருந்து எனக்கு ஆத்தா, மதினி, அக்கா, இன்னார் பெண்சாதி என்றுதான் பேர். என் பேரை ஒருவர் வாய்விட்டுச் சொல்லி நீ கேட்டிருக்கவே மாட்டாய். கேள். அதற்கும் பிறகு, கடைசியாக, "கடக்" என்று ஒரு சின்னச் சத்தம் வரும். தட்டில் விரிசல் என்று நினைத்துக்கொள்ளாதே. மெழுகு நிற்கிற வரைக்கும் பொறுக்க முடியாமல் மீனாள் மடியிலிருந்து எடுத்து என் வாயில் போட்டுவிட்டாள். அது கற்கண்டு.